பொசஷன் போட்டோ

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு மல்லிகா தன் ஆறு எண்களை அடித்தபோது கேட்டிலிருந்த சின்னத் திரை சிவப்பாயிற்று. விரல் தவறியிருக்கும் என்று நினைத்து மறுபடி அடித்தாள். மறுபடியும் சிவப்பு. கூண்டுக்குள்ளிருந்து மனோஜ் எழுந்து வந்தான். மூன்று வருடமாகத் தினமும் சித்தி முறையில் 'மௌசி' என்று கூப்பிட்டு அவளுக்கு 'ராம் ராம்' சொல்கிற செக்யூரிட்டி, இன்றைக்கு அதைச் சொல்லாமல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உங்க கேட் கோடு நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க மௌசி," என்றான் இந்தியில். "கமிட்டி ஆர்டர்."

"எத்தனை நாளைக்கு?"

"அதைச் சொல்லல."

புனேயின் வாகட்டில் மூன்று டவரும் இருநூற்றுப் பதினாறு வீடும் கொண்ட குடியிருப்பு அது. மல்லிகா அதில் நான்கு வீடுகளில் சமைத்தாள். வெளியே வேறு எங்கும் வேலை கிடையாது. ஒரே கேட்டுக்குள் நான்கு வீடு அமைவதைப் பெரிய அதிர்ஷ்டமாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்த ஒரே கேட் சாத்திக்கொண்டால் நான்கு அடுப்பும் சேர்ந்தே அணையும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை மாலை, பி டவர் 604இல் இருக்கும் பார்கவி ஆபீஸிலிருந்து வந்து பார்த்தபோது படுக்கையறை அலமாரி திறந்து கிடந்தது. நான்கு வளையலும் ஒரு லேப்டாப்பும் இல்லை. வாசல் கதவு பூட்டியது பூட்டியபடி இருந்தது. போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பூட்டைச் சுற்றிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. "சாவி போட்டுத் திறந்து, சாவி போட்டுப் பூட்டிட்டுப் போயிருக்கான்," என்றார். எத்தனை சாவி என்று கேட்டார். மூன்று. ஒன்று பார்கவியிடம், ஒன்று அவள் கணவன் ஸ்ரீவத்சனிடம். இரண்டு பேரும் அமெரிக்கக்காரர்களோடு ராத்திரி பேசிவிட்டு விடிந்து வெகு நேரம் கழித்து எழுகிறவர்கள். அதனால் மூன்றாவது சாவி, காலையில் தானே திறந்துகொண்டு வந்து சமைக்கிற மல்லிகாவிடம்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கே இருக்கிறாய் என்று அவர் மல்லிகாவை வரவழைத்துக் கேட்டார். கசார்வாடி என்றாள். பக்கத்து வீட்டில் யார்? ஆரோக்கியமேரி. அவள் என்ன வேலை செய்கிறாள்?

"சாவி செய்யறவ," என்று மல்லிகா உள்ளதைச் சொன்னாள். போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். மேரியின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். சாவி நகலெடுக்க வருகிறவரின் பெயர், போன் எண், தேதி எல்லாம் அதில் எழுதியிருந்தன. மல்லிகாவின் பெயர் இல்லை. சொந்த ஆளுக்குச் செய்தால் எழுதுவாளா என்று ஒருவர் கேட்டார். பிடித்து வைக்க ஆதாரம் இல்லை, குற்றம் இல்லையென்று சொல்லவும் ஆதாரம் இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நடுவில் தொங்கியது மல்லிகாவின் பெயர்தான்.

வியாழன் சாயங்காலம் அது மகள் தீபாவின் போனுக்கே வந்து சேர்ந்தது. கேட்டில் பதிவு செய்தபோது எடுத்த மல்லிகாவின் போட்டோ, கீழே இங்கிலீஷில் இரண்டு வரி. எந்தெந்தக் குடியிருப்புச் சொசைட்டியின் வாட்ஸப் குரூப்பையோ சுற்றி, டியூஷன் தோழி ஒருத்தியின் அம்மா வழியாக வந்திருந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் மல்லிகா.

"ஒண்ணுமில்லம்மா."

"படி தீபா."

தீபா படித்தாள். இந்தப் பெண் வேலை கேட்டு வந்தால் ஜாக்கிரதை என்று இருந்தது. மல்லிகா போனை வாங்கி அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எடுத்த அன்றைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு போயிருந்தாள்.

மல்லிகா கூப்பிட்டபோது பார்கவி போனை எடுத்தாள். அந்த மட்டுக்கும் மரியாதைதான். "நாங்க உங்களச் சொல்லல மல்லிகாக்கா. ஆனா சாவி..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. மல்லிகாவும் முடித்துக் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை செய்வதற்கு வேலை இல்லை. வீட்டில் உட்கார்ந்தால் தீபாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, பழைய ஹைவே ஓரத்தில் மேரியின் கடையில் போய் உட்கார்ந்தாள். கடை என்றால் ஒரு தகரப் பெட்டி, நகலெடுக்கும் மெஷின், ஆணிகளில் கொத்துக் கொத்தாக வெட்டுப்படாத பிளாங்க் சாவிகள். மேரி தூத்துக்குடிக்காரி. போலீஸ் வந்து போனதிலிருந்து அவளுக்கும் வியாபாரம் பாதிதான்.

"மூஞ்சிய ஏன்ட்டி அப்படி வச்சிருக்க? டீ குடிக்கியா?"

"வேணாம்."

"குடிக்கலைன்னா மட்டும் கள்ளன் வந்து நாந்தான் எடுத்தேன்னு சொல்லப் போறானாக்கும். குடி."

டீ பாதி இறங்கியபோது பைக்கில் ஒருவன் வந்து நின்றான். சாவியை ஊரில் விட்டுவிட்டேன், தம்பி போட்டோ அனுப்பியிருக்கிறான், இதைப் பார்த்துச் செய்து கொடு என்று போனை நீட்டினான். மேரி, அடுப்பிலிருந்து சூடு அடித்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போட்டோ பாத்துச் செய்றதில்ல. சாவி கொண்டா, இல்ல பூட்டைக் கழட்டிக் கொண்டா," என்று இந்தியில் சொன்னாள். அவன் டபுள் ரேட் என்றான். அவள் அரத்தை எடுத்துப் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினாள். அவன் போய்விட்டான்.

மல்லிகா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "மேரி, போட்டோ பாத்து செய்ய முடியாதா, நீ செய்ய மாட்டியா?"

மேரி மெஷினைத் துடைத்தாள்.

"உன்னத்தான் கேக்கறன்."

"முடியும்ட்டி," என்றாள் மேரி, குரலைத் தாழ்த்தி. "சாவின்னா என்ன? ஒரு ஓரத்துல அஞ்சாறு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் அஞ்சு ஆழம்தான் உண்டு, அஞ்சுல ஏதாவது ஒண்ணு. எந்தக் கம்பெனின்னு தெரிஞ்சா பிளாங்க் இந்தா தொங்குது. படம் நேரா இருந்தா எழுத்து வாசிக்க மாதிரி வாசிச்சுப்புடலாம். அதான் நான் பாக்கவே மாட்டேன். பாத்துட்டா கண்ணு தானா எண்ணும்."

மல்லிகா தன் போனை எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை தவறான படம் வந்தது. பிறகு கிடைத்தது. போன வருடம் பி டவர் முடிந்தபோது, அதுவரை ஏ டவரில் வாடகைக்கு இருந்த பார்கவி அனுப்பிய படம். 'அக்கா, வீடு நம்ம கைக்கு வந்தாச்சு' என்று சந்தோஷமாக அனுப்பியது.

அந்தக் குடியிருப்பில் அது ஒரு சடங்கு. வீட்டை ஒப்படைக்கிற நாளுக்குப் 'பொசஷன்' என்று பெயர். கட்டடக் கம்பெனி ஒரு பெரிய அட்டைச் சட்டம் வைத்திருக்கும். வீடு வாங்கியவர்கள் அதற்குள் தலையை நீட்டி நிற்பார்கள். கையில் பேடா டப்பா, தேங்காய், அப்புறம் முகத்துக்குப் பக்கத்தில் விசிறி போல விரித்துப் பிடித்த வீட்டுச் சாவிகள். இருபது வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவர்களுக்குக் கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். அந்தப் படம் சொசைட்டி குரூப்பில் போகும், சொந்தக்காரர்களுக்குப் போகும், கம்பெனியின் விளம்பரப் பக்கத்திலும் ஏறும். பேரும் டவரும் எண்ணும் கீழே இருக்கும்.

மல்லிகா சாவி இருந்த இடத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி மேரியின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இத மட்டும் பாரு."

மேரி பார்த்தாள். அவளுடைய உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மாதாவே," என்றாள்.

யோசனை மல்லிகாவுடையது. மேரிக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "அவ்வளவு பேர் முன்னால நான் போட்டோ பாத்துச் சாவி செஞ்சு காட்டினா என்ன சொல்லுவான்? பாத்தியா, இவளுக்குத் தெரிஞ்சிருக்கு, இவதான்னு சொல்லுவான். எனக்கும் சேத்து விலங்கு."

"இப்ப மட்டும் என்ன சொல்றாங்க?"

மேரி அரத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடினாள். பிறகு மூன்று நிபந்தனை போட்டாள். எந்த வீட்டுச் சாவியோ அந்த வீட்டுக்காரர் வாயால் செய் என்று சொல்ல வேண்டும். அதை எழுத வேண்டும். முடிந்ததும் அந்தச் சாவியை எல்லார் முன்னாலும் வெட்டிப் போட வேண்டும்.

"எழுத வைக்கிறன்," என்றாள் மல்லிகா.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு கிளப் ஹவுஸில் சொசைட்டி கூட்டம். உள்ளே போவதுதான் முதல் சிக்கல். மல்லிகா சமைக்கிற இன்னொரு வீடு ஏ டவரில் சுப்ரஜாவுடையது. கோயமுத்தூர்ப் பெண். விஷயத்தைக் கேட்டதும் அவள் வழி சொன்னாள். "நீங்க கேட்டுக்கு வாங்கக்கா. வேலைக்காரங்க கோடுதானுங்களே பிளாக்கு? நான் வேற வழியா எடுக்கறேன்."

மனோஜின் கையிலிருந்த கருவி மணியடித்தது. படித்துவிட்டு முதல் தடவையாகச் சிரித்தான். "ரெண்டு பேர், ஏ 903, கெஸ்ட்," என்றான். "இன்னிக்கு நீங்க விருந்தாளி, மௌசி." மேரி பையிலிருந்த மெஷினை ஆட்டோவிலிருந்து இறக்க அவனே கை கொடுத்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

கிளப் ஹவுஸில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். செயலாளர் ராஜஸ்ரீ மேடம் நடுவில் உட்கார்ந்திருந்தார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் இன்னும் பேங்க் கவுண்டரின் கண்ணாடித் தடுப்பு இருந்தது. பக்கத்தில் லேப்டாப்போடு ஸ்ரீவத்சன். கூட்டக் குறிப்பு எழுதுகிற பொறுப்பு அவனுடையது. மல்லிகாவைக் கண்டதும் அவன் திரையைப் பார்த்துக்கொண்டான். இரண்டாவது வரிசையில் இருந்த பார்கவியால் அதுவும் முடியவில்லை.

"உன்னை யார் உள்ளே விட்டது?" என்றார் ராஜஸ்ரீ.

"என் கெஸ்ட்," என்று பின்னாலிருந்து சுப்ரஜா சொன்னாள்.

மல்லிகா இந்தியில் பேசினாள். கசார்வாடியில் இருபத்திரண்டு வருடம் புழங்கிய இந்தி. இலக்கணம் கம்மி, தடங்கல் இல்லை. "மேடம், சாவி கையில இருந்தவதான் நகல் எடுக்க முடியும்னு என் கோடை நிறுத்தினீங்க. கையில இல்லாமலே எடுக்கலாம். போட்டோ போதும். நீங்க எல்லாரும் குரூப்ல போட்டிருக்கீங்களே, பொசஷன் போட்டோ, அது போதும்."

யாரோ சிரித்தார்கள். சினிமா என்றார் ஒருவர். ராஜஸ்ரீ சிரிக்கவில்லை. "அப்படியா? குரூப்பில் என் முகப்புப் படமே அதுதான். ஐந்து வருடமாக அதே பூட்டு. என் சாவியை நீ தொட்டதுண்டா?"

"உங்க மாடிக்கே வந்ததில்ல."

"அப்போ என் வீட்டுக்குச் செய்து காட்டு."

"இதை எழுதச் சொல்லுங்க," என்றாள் மல்லிகா. "செயலாளர் அவங்க வாயால சொன்னாங்கன்னு."

ஸ்ரீவத்சன் ராஜஸ்ரீயைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். அவன் டைப் அடித்தான். அந்தச் சத்தம் நிற்கும்வரை மேரி பையைத் திறக்கவில்லை.

பிறகு மெஷினை மேஜையில் வைத்தாள். ப்ரொஜெக்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினாள். சுப்ரஜாவின் போனில் ராஜஸ்ரீயின் படம் பெரிதாக இருந்தது: ஐந்து வயது இளைய ராஜஸ்ரீ, மூக்கில் நத்தும் மராட்டியப் பைட்டணிப் பட்டுப் புடவையும், கையில் இரண்டு சாவி. மேரி வெர்னியர் அளவுகோலால் பிளாங்க்கை அளந்தாள், படத்தைப் பார்த்தாள், ஒரு காகிதத்தில் எண்கள் எழுதினாள். ஐந்து எண் எழுதியவள் ஆறாவதில் நின்றாள்.

"நுனி வெட்டு தெரியல," என்று மல்லிகாவிடம் முணுமுணுத்தாள். "அந்த அம்மா கட்டைவிரல் மறைக்கி."

மல்லிகா படத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். "அப்ப?"

"அப்ப என்ன. குறைச்ச ஆழத்துல வெட்டிக்கிட்டுப் போவோம். அங்க வச்சு ராவிக்கிடுதேன்."

மெஷின் கிறீச்சிட்டது. மேஜை விரிப்பில் பித்தளைத் தூள் மஞ்சளாக விழுந்தது. சாவி முடிய இருபது நிமிடம் ஆயிற்று. அந்த இருபது நிமிடத்தில் பாதிப் பேர் தங்கள் போனில் தங்கள் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை மல்லிகா கவனித்தாள்.

லிப்ட் மூன்று நடை போய் வந்தது. பதினொன்றாம் மாடி வராந்தாவில் நிற்க இடமில்லை. மேரி சாவியை மல்லிகாவிடம் நீட்டினாள். மல்லிகா வாங்கவில்லை.

"அவங்க வீட்டுக் கதவ நான் தொறக்க மாட்டேன். அவங்களே தொறக்கட்டும்."

ராஜஸ்ரீ வாங்கினார். சாவி உள்ளே வழுக்கிக்கொண்டு போயிற்று. அதற்கே பின்னால் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. திருப்பினார். திரும்பவில்லை.

"பார்த்தாயா," என்றார், ஆனால் குரலில் வெற்றி இல்லை, நிம்மதிதான் இருந்தது.

மேரி சாவியை வாங்கி, சுவரில் சாய்ந்து, நுனியில் அரத்தால் நாலு இழு இழுத்தாள். ஊதினாள். கொடுத்தாள். மறுபடி திரும்பவில்லை. கூட்டத்தில் ஒருவர் சாப்பாட்டு நேரமாயிற்று என்று கிளம்பினார். மல்லிகா தன் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். இது திறக்காவிட்டால் இந்தக் கேட்டுக்குள் மட்டுமல்ல, அந்தப் போட்டோ போய்ச் சேர்ந்த எந்தக் கேட்டுக்குள்ளும் அவள் போக முடியாது. வாகட்டில் கேட் இல்லாத வீடு ஏது.

மேரி மறுபடியும் நாலு இழு இழுத்தாள். இந்தத் தடவை ஊதவில்லை, பாவாடையில் துடைத்தாள்.

ராஜஸ்ரீ திருப்பினார். 'டக்' என்றது.

கதவு திறந்துகொண்டது. உள்ளே சோபாவில் பனியனோடு, அவல் போஹாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ராஜஸ்ரீயின் கணவர், மனைவியையும் அவளுக்குப் பின்னால் நிற்கும் நாற்பது பேரையும் பார்த்துவிட்டுத் தட்டோடு எழுந்து நின்றார். கிளம்பிப் போனவர் லிப்ட்டிலிருந்து திரும்பி வந்தார்.

ராஜஸ்ரீ அந்தச் சாவியை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மேனேஜர் மூளை அவருக்கு. தோற்ற இடத்திலும் கணக்கைச் சரிபார்க்காமல் விடமாட்டார். "இதனால் நீ எடுக்கவில்லை என்று ஆகிவிடுமா?" என்றார்.

"ஆகாது மேடம்," என்றாள் மல்லிகா. "ஆனா சாவி என்கிட்ட மட்டும்தான் இருந்துதுன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது. குரூப்ல எத்தன பேர்?"

"முந்நூற்றுப் பதினெட்டு," என்றான் ஸ்ரீவத்சன் மெதுவாக.

"கம்பெனி பக்கத்துல பாக்கறவங்க?"

பார்கவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய படத்துக்கு அந்தப் பக்கத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். அவளே பெருமையாகச் சொன்னதுதான்.

மேரி ஒரு குறடை எடுத்தாள். சாவியை இரண்டாக வெட்டி, துண்டுகளை ராஜஸ்ரீயின் கையிலேயே போட்டாள்.

"இவள் கேட் கோடைத் திற," என்று ராஜஸ்ரீ ஸ்ரீவத்சனிடம் சொன்னார். அவன் அங்கேயே நின்றபடி திறந்தான்.

மல்லிகா நகரவில்லை. "இன்னொண்ணு. எல்லா குரூப்புக்கும் என் போட்டோ போச்சு. அதே போட்டோவ மறுபடி போடுங்க. தப்பா சொல்லிட்டோம்னு கீழ எழுதுங்க. வேற போட்டோ வேணாம். அதேதான்."

அன்றைக்குச் சாயங்காலம் அது தீபாவின் போனுக்கு வந்தது. அதே படிய வாரிய தலை, அதே புடவை. இந்த முறை படி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை; அவளே இரண்டு தடவை படித்தாள், இரண்டாவது தடவை பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

சொசைட்டி, அந்தக் கூட்டக் குறிப்பின் நகலைப் போலீஸுக்குக் கொடுத்தது. மூன்று வாரம் கழித்து, பக்கத்துப் பகுதியான பிம்ப்ளே சௌதாகரில் ஒரு குடியிருப்பில் பார்சல் பையோடு வந்த ஒருவன் பிடிபட்டான். பையில் பார்சல் இல்லை, ஒன்பது பித்தளைச் சாவி இருந்தது. போனில் விளம்பரப் பக்கங்களிலிருந்து எடுத்து வைத்த பொசஷன் படங்கள். 604உம் அதில் ஒன்று. வளையல் இரண்டு திரும்பி வந்தது.

அதற்குள் மேரிக்கு மூச்சுவிட நேரமில்லை. இருநூற்றுப் பதினாறு வீட்டுக்கும் பூட்டு மாற்ற சொசைட்டி அவளையே கூப்பிட்டது. வெட்டைப் படமெடுத்தாலும் பிரயோஜனப்படாத புது வகைப் பூட்டுகளைப் போட்டாள். நகல் வேண்டுமென்றால் பூட்டோடு வரும் அட்டையைக் கம்பெனியிடம் காட்ட வேண்டும். "போலீஸ் வந்தாம்லா, அவன் நோட்டப் புரட்டினதுல இருந்துதான்ட்டி எனக்கு ராசி," என்றாள் மல்லிகாவிடம்.

மல்லிகா மற்ற மூன்று வீட்டுக்கும் மறுநாளே போனாள். 604க்குப் போகவில்லை. பார்கவி இரண்டு தடவை போன் செய்தாள். மூன்றாவது தடவை கசார்வாடிக்கே வந்தாள். சந்துக்குள் கார் நுழையாததால் ஹைவேயிலிருந்து நடந்து வந்திருந்தாள்.

"அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும் அக்கா. நீங்க எடுத்திருக்க மாட்டீங்கன்னு. சொல்லல." இந்தத் தடவை வாக்கியத்தை முடித்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். "புதுப் பூட்டோட சாவி. மூணுதான் குடுத்தாங்க. இது உங்களோடது."

மல்லிகா கவரைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். "வேலைக்கு வர்றன். சாவி வேணாம்."

"நாங்க காலையில தூங்குவோமே."

"பெல் இருக்குதில்ல."

அடுத்து வந்த திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு அவள் எண்களை அடித்தாள். திரை பச்சையாயிற்று. மனோஜ் எழுந்து நின்று 'ராம் ராம், மௌசி' என்றான். ஆறாவது மாடியில் பளபளவென்று புதுப் பூட்டுப் போட்ட கதவுக்கு முன்னால் நின்று மல்லிகா பெல்லை அழுத்தினாள். உள்ளே அசைவு இல்லை. அவசரப்படாமல் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள், இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. உள்ளே ஏதோ தட்டுப்பட்டு விழுந்தது. செருப்பைத் தேடித் தேய்த்துக்கொண்டு ஒரு காலடிச் சத்தம் வாசலை நோக்கி வந்தது. மல்லிகா தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கதவு திறப்பதற்காக நேராக நின்றாள்.